சிமெண்ட் மூட்டையை இறக்குவதற்கு முன்: சேகரக் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

நூறு, நூற்றைம்பது வருஷத்துக் கிறிஸ்தவக் கோவில்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சேகரக் கமிட்டி ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் ஸ்தோத்திரம்.

போன அசனத்துக்கு, அதுதான் கோவில் விருந்துக்கு, ஊருக்கு வந்திருந்தேன். பந்தி முடிந்து கை கழுவிவிட்டு, வெயிலுக்கு ஒதுங்கிக் கோவிலின் தென்பக்கச் சுவரில் சாய்ந்து நின்றேன். முதுகெல்லாம் வெள்ளை. சுண்ணாம்பு என்று நினைத்துத் தட்டிவிடப் போனவன், என்னவோ சந்தேகத்தில் விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. நிமிர்ந்து பார்த்தால், ஆள் உயரத்துக்கு அந்தச் சுவர் முழுக்கப் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி நிற்கிறது. மடக்கின விரலால் தட்டினேன். வெறும் பானையைத் தட்டினாற்போல டொப் டொப்பென்று சத்தம்.

அந்தச் சுவருக்குச் சிமெண்ட் பூசி ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. பிரதிஷ்டைப் பண்டிகை வருகிறது, கோவில் பழசாகத் தெரிகிறது என்று பேச்சு வந்து, பழைய சுண்ணாம்புக் காரைப் பூச்சை உளியால் கொத்தித் தள்ளிவிட்டுப் பூசினார்கள். நானும் அதற்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்தவன். அதனால் யாரையும் கைநீட்டிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஊர்ப் பெயரும் வேண்டாம். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் உங்கள் ஊர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அன்றைக்கு என் பக்கத்தில் வயதான கொத்தனார் ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சுவரைத் தட்டுவதைப் பார்த்துவிட்டு, “தம்பி, அதுக்கு மூச்சு முட்டுது” என்றார். வீட்டுக்கு வந்தும் அந்தச் சொல் விடவில்லை. அப்புறம் கொஞ்சம் படித்தேன், நாலு கோவில் ஏறி இறங்கினேன், நாலு பேரைக் கேட்டேன். அப்படித் தெரிந்துகொண்டதை உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் இடையன்குடி. இந்தப் பக்கத்துக் கிராமக் கோவில் எப்படி எழும்பியது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

ராபர்ட் கால்டுவெல் அயர்லாந்தில் பிறந்தவர். 1838இல் லண்டன் மிஷனரி சங்கத்தின் ஆளாகச் சென்னையில் இறங்கினார். மூன்று வருஷத்தில் அங்கிருந்து விலகி, இங்கிலாந்துத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபைக்கு மாறி, அந்தச் சபையின் மிஷனரி சங்கமான எஸ்.பி.ஜி.யின் ஆளாகத் தெற்கே கிளம்பினார். நடந்தேதான் வந்தார். 1841 கடைசியில் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தபோது அங்கே இருந்தது செம்மணலும் பனங்காடும். அவர் முதலில் கோடு போட்டது தெருக்களுக்கு. நேர்நேரான தெருக்கள், கிணறுகள், மரங்கள். கோவிலுக்கு அஸ்திவாரம் விழுந்தது 1847இல்தான்.

அப்புறம் பாருங்கள், அந்தப் பரிசுத்த திரித்துவ ஆலயம் பிரதிஷ்டை ஆனது 1880 ஜூலை 6. முப்பத்து மூன்று வருஷம்! அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது, அப்போது கோவில் முடியவில்லை. அதன் இரண்டாம் பதிப்பு 1875இல் வந்தது, அப்போதும் முடியவில்லை. இடையில் 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம். 1877இல் அவரைப் பேராயராக அபிஷேகம் செய்தார்கள். அதற்கும் பிறகு மூன்று வருஷம் வேலை நடந்தது. வேலை தொடங்கினபோது தொட்டிலில் கிடந்த பிள்ளை, முடிந்தபோது தன் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்திருக்கும்.

ஏன் இத்தனை காலம்? பணம் இல்லை, அவ்வளவுதான். பனையேறிச் சம்பாதிக்கிற ஊரில் ஆறு மாதம் வருமானம், ஆறு மாதம் கடன். சமைக்கும்போது ஒரு பிடி எடுத்துவைக்கும் பிடியரிசிக் காணிக்கையும், முதல் விளைச்சலைக் கோவிலுக்குக் கொண்டுவந்து விடும் முதற்பலன் ஏலமும் நம் ஊர்களில் எப்படி வந்தன என்று நினைக்கிறீர்கள்? கையில் காசு இல்லாத சபை கொடுக்கக் கூடியது அதுதான். கடல் கடந்து வந்த பணமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் மண் சுமந்ததும் கல் சுமந்ததும் ஊர்க்காரர்கள்தான்.

கூர்வளைவு ஜன்னலைக் கண்ணால்கூடப் பார்த்திராத கொத்தனாருக்குக் கால்டுவெல் களிமண்ணில் உருவம் பிடித்துக் காட்டினார் என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். எனக்குப் பிடித்த கதை அது. சொல்லும்போது எல்லோரும் கால்டுவெல்லின் கெட்டிக்காரத்தனத்தைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். களிமண் உருவத்தைப் பார்த்து அதைச் சுவராக நிறுத்திக் காட்டினானே, அந்தப் பெயர் தெரியாத கொத்தனார், அவன் கெட்டிக்காரத்தனம் என்ன ஆச்சு? கல்வெட்டில் அவன் பெயர் இல்லை. கொத்திப் பெயர்க்கிறபோது நாம் பெயர்க்கிறது அவனுடைய கையெழுத்தைத்தான். (கால்டுவெல் எழுதின எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. 1849இல் இந்தப் பக்கத்து மக்களைப் பற்றி அவர் எழுதின சிறுநூல் கிளப்பின மனக்கசப்பு ஊரறிந்தது. கோவில் வேறு, புத்தகம் வேறு.) 1891இல் கொடைக்கானலில் காலமான அவரை இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அதே கோவிலின் பீடத்தடியில் அடக்கம் செய்தார்கள்.

சரி, கூர்வளைவு எங்கிருந்து வந்தது? ஆங்கிலிக்கன் கோவில் என்றாலே ஊசிக் கோபுரமும் கூர்வளைவும்தான் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் தொடக்கம் அப்படி இல்லை. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680இல் பிரதிஷ்டையானது, இந்தியாவின் மிகப் பழைய ஆங்கிலிக்கன் ஆலயம். குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று தடித்த சுவரும் வளைந்த கூரையும் வைத்துக் கட்டினார்கள். 1815இல் வந்த புனித ஜார்ஜ் கதீட்ரலில் வரிசையாகப் பெரிய உருண்டைத் தூண்கள், கிரேக்கக் கோவில் மாதிரி முகப்பு. இவை நகரத்துக் கோவில்கள், கம்பெனித் துரைமாருக்கானவை.

1839இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். கோவில் என்றால் அது இங்கிலாந்தின் பழைய கிராமக் கோவில்போலத்தான் இருக்க வேண்டும், பீடம் கிழக்கே தனிப் பகுதியாக நீண்டிருக்க வேண்டும், வளைவுகள் கூராக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகப் பிரசாரம் பண்ணினார்கள். ஆங்கிலேயர் போன இடமெல்லாம் அந்தப் பிரசாரமும் போனது. இடையன்குடியில் அஸ்திவாரம் போட்டது அந்தக் காற்று பலமாக வீசின காலம்.

கோத்திக் என்கிற அந்தப் பாணி குளிரும் மேகமூட்டமும் உள்ள நாட்டுக்கானது. அங்கே வெளிச்சத்தை உள்ளே இழுக்க வேண்டும், பனி வழிந்து விழக் கூரை செங்குத்தாக இருக்க வேண்டும். நம் ஊரில் வெளிச்சத்தைத் தள்ளி நிறுத்த வேண்டும், காற்றை உள்ளே கூப்பிட வேண்டும். அதனால் நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? உங்கள் கோவிலையே ஒரு தடவை சுற்றி வந்து பாருங்கள். சுவர் அத்தனை தடிமன் ஏன்? பகல் சூடு உள்ளே வந்து சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஜன்னலுக்குக் கண்ணாடிக்குப் பதிலாகச் சாய்வுப் பலகைகள் கோத்த கதவு ஏன்? வெயில் வராது, காற்று வரும். ஜன்னலின் அடிக்கட்டை தரையிலிருந்து அத்தனை தாழ்வாக ஏன்? பாயில் உட்கார்ந்திருக்கிறவர் முகத்தில் காற்றுப் பட வேண்டும். பெஞ்சுகள் பின்னால் வந்தவை. கூரை அத்தனை உயரத்தில் ஏன்? சூடு மேலே போகட்டும் என்றுதான். மேற்கு வாசலுக்குப் பக்கத்தில் ஞானஸ்நானத் தொட்டி இருக்கும், சபைக்குள் நுழைகிற வழி அது என்பதால். தொட்டியிலிருந்து பீடம் வரை நடந்தால் ஒரு மனுஷனுடைய வாழ்க்கையையே நடந்து முடித்த மாதிரி. இன்றைக்குப் பல இடங்களில் அந்தத் தொட்டியை ஓரமாக நகர்த்தி அதன்மேல் ஸ்பீக்கர் பெட்டி வைத்திருக்கிறார்கள்.

மெஞ்ஞானபுரம் போனவர்கள் அந்த 192 அடி ஊசிக் கோபுரத்தை மறக்க மாட்டார்கள். தேரிக்காட்டில் எங்கே நின்று பார்த்தாலும் பனைகளுக்கு மேலே அது தெரியும். கட்டினவர் ஜான் தாமஸ், வேல்ஸ்காரர், இன்னொரு ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கமான சி.எம்.எஸ்.ஸின் ஆள், 1870இல் அந்த ஊரிலேயே இறந்தவர். எஸ்.பி.ஜி. ஊர், சி.எம்.எஸ். ஊர் என்று நம் தாத்தா பாட்டிமார் பிரித்துச் சொல்வார்கள் அல்லவா? 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகு அந்தப் பிரிவு காகிதத்தில் இல்லை. பெண் எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

இன்னொரு பேச்சையும் கேட்டிருக்கிறேன். இதெல்லாம் வெள்ளைக்காரன் பாணி, இடித்துவிட்டு நம் பாணியில் கட்டினால் என்ன என்று. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொன்னவரும் நம்ம ஊர்க்காரரே. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லின் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். அவர் அங்கே எழுப்பின கதீட்ரல் 1939இல் பிரதிஷ்டையானது. கோவில் தூணும் மசூதிக் குவிமாடமும் கலந்து, நம் நாட்டுக் கைகளுக்குப் பழகின பாணியில் நிற்கிறது அது. ஆனால் கவனியுங்கள், புதிதாக ஒன்று வேண்டும் என்று நினைத்தவர் புதிதாக ஒன்றைக் கட்டினார். நம் கமிட்டிகள் செய்கிற வேலை அப்படியும் இல்லை, இப்படியும் இல்லை. கோத்திக்கை இடிக்கவும் மனசில்லை, வைத்திருக்கவும் மனசில்லை. அதன்மேல் வழவழ டைல்ஸும் ஃபால்ஸ் சீலிங்கும் அலுமினிய ஜன்னலும் ஏற்றி, கல்யாண மண்டபத்துக்கும் கோவிலுக்கும் நடுவே ஏதோ ஒன்றாக ஆக்கிவிடுகிறோம்.

சுண்ணாம்புக்கு வருகிறேன், கொத்தனார் சொன்ன மூச்சுக்கு.

அந்தக் காலத்தில் சிமெண்ட் கிடையாது. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் காப்புரிமை வாங்கியிருந்தாலும், இங்கே சிமெண்ட் ஆலை நிலைத்தது 1914க்குப் பிறகுதான். நம் கோவில்களைக் கட்டினது சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கல்லையோ கடல் சிப்பியையோ சூளையில் சுட்டு, தண்ணீர் ஊற்றி நீற்றி, வாரக்கணக்கில் புளிக்கவிட்டு, மணல் சேர்த்து, மாடு கட்டிச் சுற்றும் கல் உருளையில் வெண்ணெய் பதத்துக்கு அரைப்பார்கள். கருப்பட்டியும் கடுக்காயும் ஊறின தண்ணீரை அதில் விடுவார்கள். பனை ஊருக்குக் கருப்பட்டியா பஞ்சம்! பனையிலிருந்து கூரைக்குப் பனங்கை, காரைக்குக் கருப்பட்டி. ஊர் எதில் பிழைத்ததோ அதிலேயே கோவிலும் நின்றது.

இந்தக் காரை பூசின பிறகு காற்றிலிருந்து கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி மறுபடியும் கல்லாகிறது. ஒரு நாளில் இல்லை, வருஷக்கணக்கில். கல்லானாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் இருக்கும். தரையிலிருந்து சுவரில் ஓதம் ஏறும், எந்தப் பழைய சுவரிலும் ஏறும், கீழே ஈரத்தைத் தடுக்கும் படலம் அப்போது கிடையாது. அந்த ஈரம் காரையின் துவாரம் வழியாக வெளியே வந்து காய்ந்துவிடும். மழையில் நனையும், வெயிலில் காயும், சுவருக்கு ஒன்றும் ஆகாது. கூடவே வரும் உப்பு, பூச்சைக் கொஞ்சம் அரிக்கும். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை அந்த இடத்தை மட்டும் பூசி வெள்ளையடித்துவிட்டால் முடிந்தது. காரை தான் தேய்ந்து சுவரைக் காப்பாற்றும்.

இதன்மேல் சிமெண்டைப் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் உள்ளேயே நிற்கும். வெளியே வர வழி தேடி மேலே ஏறும், முன்பு முழங்கால் வரை இருந்த ஓதம் இடுப்புக்கு வரும், அப்புறம் தோளுக்கு. உப்பு சிமெண்டுக்குப் பின்னால் சேர்ந்து படிகமாகும். படிகம் வளரும்போது பூச்சைத் தள்ளும், அந்த டொப் டொப் சத்தம் அதுதான். கடைசியில் சிமெண்ட் பாளம் விழும்போது தனியாக விழாது, பழைய செங்கல்லின் முகத்தையும் உரித்துக்கொண்டு விழும். கடற்கரைப் பக்கம் காற்றிலேயே உப்பு, மணலைச் சரியாகக் கழுவாமல் கலந்தால் அதிலும் உப்பு, கேட்கவே வேண்டாம். இதற்குமேல் பளபள பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்துவிட்டால், சுவருக்கு மழைக்கோட்டு மாட்டி வெயிலில் நிறுத்தின மாதிரி.

டைல்ஸும் இதே கதைதான். பழைய தரை ஈரத்தைப் பரவலாக வெளியே விட்டுக்கொண்டிருந்தது. அதை வழவழப்பான டைல்ஸால் மூடினால், தரையடி ஈரம் ஓரத்துச் சுவருக்குத்தான் போகும். கூடவே குரல் எதிரொலிக்கும், பிரசங்கம் புரியாது, புரியவில்லை என்று இன்னும் இரண்டு ஸ்பீக்கர் வாங்குவோம். ஃபால்ஸ் சீலிங் போட்டால் ஓட்டு ஒழுக்கு கண்ணுக்குத் தெரியாது, கரையான் தெரியாது, ஒரு நாள் மொத்தமாகத் தெரியும். இழுத்து மூடும் அலுமினிய ஜன்னல் எப்படித் திறந்தாலும் பாதிதான் திறக்கும். மீதிப் பாதிக் காற்றுக்கு ஃபேன், அப்புறம் ஏசி, அப்புறம் கரண்ட் பில்லுக்கு ஒரு விசேஷ காணிக்கை.

“நீ சென்னையில் உட்கார்ந்துகொண்டு எழுதுவாய், ஒழுகுகிற கோவிலில் ஆராதனை நடத்துகிறது நாங்கள்” என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. சரிதான். கிறிஸ்மஸுக்கும் அசனத்துக்கும் வந்துவிட்டு, பழசு அழகாக இருந்ததே என்று பெருமூச்சு விடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். சபை பெருகினால் இடம் வேண்டும், பெரியவர்களுக்குச் சாய்மானம் வேண்டும், சக்கர நாற்காலி ஏறச் சரிவு வேண்டும். இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? பக்கத்தில் புதுக் கூடம் கட்டுங்கள், பழைய மேடையில் ஏறச் சரிவு வையுங்கள், ஒளியும் ஒலியும் வையுங்கள். பழைய சுவரின் தோலை மட்டும் உரிக்காதீர்கள் என்கிறேன்.

இங்கிலாந்தில் பழைய கோவில்களை வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அந்த ஊரைப் பார்ப்பது எனக்கும் பிடிக்காது, ஆனால் இந்தத் தவறை நமக்கு முன்னால் செய்து முடித்தவர்கள் அவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கிராமக் கோவில்களை ‘புதுப்பிக்கிறோம்’ என்று உள்சுவர்ப் பூச்சையெல்லாம் சுரண்டி, நூறு நூறு வருஷமாகச் சேர்ந்ததைக் கழித்துவிட்டார்கள். 1877இல் வில்லியம் மோரிஸும் சிலரும் சேர்ந்து இதை எதிர்க்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். அந்தச் சங்கத்துக்குப் பட்டப்பெயரே கிட்டத்தட்ட ‘சுரண்டாதே சங்கம்’தான். இங்கே கால்டுவெல் பேராயரான அதே வருஷம். அந்தச் சங்கத்தார் சொன்னது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை: தினசரிக் கவனிப்பு போதும், கூரை ஒழுகினால் கூரையை அடை, சுவர் சாய்ந்தால் முட்டுக் கொடு, அதற்குமேல் கை வைக்காதே.

எஸ்ஸெக்ஸில் கிரீன்ஸ்டட் என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே உள்ள கோவிலின் நடுக்கூடச் சுவர், பிளந்த ஓக் மரத்துண்டுகளை வரிசையாக நட்டு எழுப்பினது. மர வளையங்களை எண்ணிப் பார்த்து, அது பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று சொல்கிறார்கள், நம் ஊரில் முதல் குலோத்துங்கன் ஆண்ட காலம். 1848இல் பார்த்தபோது மரங்களின் அடி மட்டும் மண் ஈரத்தில் இற்றுப்போயிருந்தது. இற்ற அடியை அறுத்துவிட்டு, கீழே செங்கல் வரிசை வைத்து, நல்ல மரத்தை அதன்மேல் நிறுத்தினார்கள். இன்றைக்கும் நிற்கிறது, இன்றைக்கும் ஆராதனை நடக்கிறது.

இப்போது அங்கே இங்கிலாந்துத் திருச்சபைக்கு ஏறக்குறைய 16,000 கோவில்கள், அதில் 12,000க்கும் மேலே பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள். 1955 முதல் இருந்துவரும் சட்ட விதிப்படி ஒவ்வொரு கோவிலையும் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை தகுதியுள்ள ஒருவர் அடிமுதல் நுனிவரை பார்த்து அறிக்கை எழுத வேண்டும். எது அவசரம், எது அடுத்த வருஷம், எது காத்திருக்கலாம் என்று அதில் இருக்கும். பெரிய வேலை எதுவானாலும் மறைமாவட்ட அனுமதி வாங்காமல் தொட முடியாது, போதகர் ஐயர் நினைத்தாலும் முடியாது, கமிட்டி நினைத்தாலும் முடியாது. இந்த ஒரு வழக்கத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கமிட்டித் தீர்மானம் ஒன்று போதும்.

நம் மாநிலத்தில் இந்து சமய அறநிலையத் துறையும் பழைய கற்கோவில்களில் மணலை வீசிச் சுத்தம் செய்வதைத் தடை செய்தது, கல்லின் மேற்பரப்பும் கல்வெட்டும் தேய்கிறது என்பதால். நம் கோவிலும் அதே மண்ணில், அதே கொத்தனார் வம்சம் கட்டினதுதான்.

நான் கேட்பது அதிகம் இல்லை. அடுத்த தடவை பண்டிகைக்கு முன்னால் பட்ஜெட் பேசும்போது, பெயிண்டைக் கடைசியில் பேசுங்கள். முதலில் ஒருவரை ஏணியில் ஏற்றிக் கூரை ஓடுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். தாழ்வாரக் குழாய் அடைத்திருந்தால் அதில் குப்பையை எடுக்க ஆகிற செலவு ஐந்நூறு ரூபாய், எடுக்காமல் விட்டால் சுவருக்கு ஐந்து லட்சம். கோபுரத்தில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா பாருங்கள். ஒடித்துவிட்டால் போதாது, வேர் உள்ளே இருக்கும், அடுத்த மழைக்கு இரண்டு தலையாக வரும். இடிதாங்கிக் கம்பி தரைவரை முழுசாக வருகிறதா, பாதியில் யாராவது வெட்டி எடைக்குப் போட்டுவிட்டார்களா என்று பாருங்கள். ரோடு மேலே மேலே போட்டுக் கோவில் பள்ளத்தில் நின்றால், சுவரை ஒட்டிச் சிமெண்ட் தளம் போடாமல் மழைத்தண்ணீர் விலகி ஓட ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். வெஸ்ட்ரி என்கிற போதகர் அறையின் அலமாரியில் இருக்கிற பழைய ஞானஸ்நானப் பதிவேட்டையும் அப்படியே வெளியே எடுத்துப் பாருங்கள். நான் பார்த்த ஒன்றில் அட்டை நன்றாக இருந்தது, உள்ளே கரையான் சுரங்கம் போட்டிருந்தது.

சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் இப்போது எங்கே என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடுகளுக்கு இந்த வேலை இன்றைக்கும் நடக்கிறது. நம் ஊரிலேயே, வெற்றிலை போட்டுக்கொண்டு அசனப் பந்தலில் உட்கார்ந்திருப்பார், நாம் கேட்பதில்லை. கூலி கொஞ்சம் கூட, நாள் ரொம்பக் கூட. முப்பத்து மூன்று வருஷம் காத்திருந்த சபை மூன்று மாதம் காத்திருக்காதா?

அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள். நன்கொடையாளர் பெயர் பொறித்த கிரானைட் பலகைகளைப் பழைய சுவரில் துளை போட்டு மாட்டாதீர்கள். டியூப் லைட்டில் பெயர் எழுதினவர்களை நாம் பண்ணின கேலி போதும், இப்போது கோவில் சுவரே வருகைப் பதிவேடு மாதிரி ஆகிவிட்டது. என் பத்தாயிரத்துக்கும் ஒரு பலகையில் இடம் கொடுத்திருக்கிறார்கள். தயவுசெய்து அதைக் கழற்றிவிடுங்கள்.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மூன்று கமிட்டிக் கூட்டம் பேசி, வெஸ்ட்ரிக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில், மூன்றுக்கு நாலடி மட்டும் சோதித்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. அந்தக் கொத்தனார்தான் சிமெண்டை நோகாமல் பெயர்த்தார். பின்னால் செங்கல் ஈரமாக, தொட்டால் பொடியாக இருந்தது. இரண்டு வாரம் அப்படியே காயவிட்டார். வீட்டிலேயே சுண்ணாம்பு நீற்றி வைத்திருந்தார், கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிப் புளித்த வாடை வெஸ்ட்ரி வரை வந்தது. மெல்லிசாக இரண்டு கை பூசி, ஈரச்சாக்கு மூடினார்.

முதல் மாதத்திலேயே அந்த இடம் முழுக்க உப்புப் பூத்துவிட்டது. சுற்றியிருந்த சிமெண்டைவிட அதுதான் அசிங்கமாக இருந்தது. கமிட்டியில் சிரித்தார்கள், எனக்குப் போன் பண்ணிச் சிரித்தார்கள். கொத்தனார் ஒன்றும் சொல்லாமல், காய்ந்த பிரஷ்ஷால் துலக்கி, விழுந்த பொடியை முறத்தில் வாரிக் காம்பவுண்டுக்கு வெளியே கொட்டினார். “உள்ளே கிடந்தது வெளியே வருது, வரட்டும்” என்றார். தண்ணீர் விட்டுக் கழுவ விடவில்லை. இரண்டாவது மாதம் பாதிதான் பூத்திருந்தது, அதையும் துலக்கினார். ஆடிக் காற்று அடங்கின பிறகு நான் போயிருந்தபோது மூன்றாம் தடவை துலக்கினார், நான் முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முறத்தில் ஒரு தேக்கரண்டிகூட விழவில்லை. மடக்கின விரலால் அந்த மூன்றடியைத் தட்டினேன், கல்லைத் தட்டின சத்தம். ஒரு முழம் தள்ளிச் சிமெண்டில் தட்டினேன், டொப் டொப்.

இப்படிக்கு,
பலகையில் பெயர் உள்ள ஒரு சபைப் பிள்ளை